சங்கத்துப் பணம் எங்கே போகிறது? புதிய உறுப்பினர்கள் கேட்கும் கேள்விகள்

ஈரோடு மாவட்டத்துச் சிறு நகரம் ஒன்றில் இயங்கும் சேவைச் சங்கத்தில் நான்கு ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். நாற்பத்திரண்டு உறுப்பினர்கள். மஞ்சள் வியாபாரி, விசைத்தறிக்காரர், கொப்பரைக் களம் வைத்திருப்பவர், பல் மருத்துவர், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இருவர், திருச்செங்கோட்டிலிருந்து பெண் எடுத்து அங்கேயே ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழிலும் கற்றுக்கொண்ட ஒருவர் என்று கலவையான கூட்டம். சம்பளம் வாங்குகிறவர் எவரும் இல்லை. ஜூலை மாதம் பிறந்து புதியவர்கள் சேர்ந்ததும் ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வரும். கூட்டம் முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில் நின்றபடி அவற்றுக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்தேன். எங்கள் சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. லயன்ஸ், ரோட்டரி போல ஒரு பன்னாட்டு அமைப்போடு இணைந்து நடக்கும் எந்தச் சங்கத்துக்கும் பெரும்பாலும் இது பொருந்தும்.

வருடச் சந்தா 7,500 ரூபாய் கட்டுகிறேன். அதில் எவ்வளவு ஏழைகளுக்குப் போகிறது?

ஒரு ரூபாய்கூடப் போவதில்லை. முதல் பதிலே இப்படியா என்று முகம் மாறவேண்டாம். நாற்பத்திரண்டு பேர் கட்டினால் 3,15,000 ரூபாய். அதில் பன்னாட்டுத் தலைமையகத்துக்கும், மாவட்ட அமைப்புக்கும், மாத இதழுக்கும் ஏறக்குறைய பாதி போய்விடும். தலைமையகச் சந்தா டாலரில் கணக்கிடப்படுவது. நம் தோட்டத்தில் தேங்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை; டாலர் ஏறினால் நம் செலவும் ஏறும். மீதியில் மாதம் இரண்டு கூட்டங்களுக்கான அரங்க வாடகை, சிற்றுண்டி, ஆடிட்டர் கட்டணம், அச்சுச் செலவு, மாவட்ட ஆளுநர் (அந்த மாவட்ட அமைப்பின் தலைவர்) வருகை நாளின் செலவு எல்லாம் அடங்கவேண்டும். ஆண்டு முடிவில் நாலாயிரமோ ஐயாயிரமோ மிஞ்சினால் அந்த ஆண்டுச் செயலாளர் சிக்கனக்காரர் என்று பொருள். சங்கம் மூச்சுவிட்டுக்கொண்டிருக்க ஆகும் செலவுதான் சந்தா.

அப்படியானால் சேவைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

நம்மிடம் இரண்டு வங்கிக் கணக்குகள் இருக்கின்றன. ஒன்று நிர்வாகக் கணக்கு. அதில் சந்தா மட்டும் வரும். மற்றொன்று சேவைக் கணக்கு. ஊரார் கொடுப்பது, கம்பெனிகள் கொடுப்பது, உறுப்பினர்கள் சந்தாவுக்கு மேல் விருப்பத்தோடு கொடுப்பது எல்லாம் இதில் வரும். ஊரிடம் வாங்கிய பணம் ஊருக்கே போகவேண்டும், அதிலிருந்து நிர்வாகச் செலவுக்கு எடுக்கக் கூடாது என்பது லயன்ஸ் அமைப்பில் எழுதியே வைத்திருக்கும் விதி. மற்றச் சங்கங்களிலும் ஒழுங்காக நடப்பவை இப்படித்தான் நடக்கின்றன.

விதியைச் சொல்வது சுலபம். ஒரு முகாம் நாளில் அதைக் காப்பாற்றிப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். நான் பொறுப்பேற்ற முதல் ஆண்டு, கண் சிகிச்சை முகாம் முடிந்து அரசுப் பள்ளியின் வேப்ப மரத்தடியில் எல்லோரும் சோர்ந்து உட்கார்ந்திருந்தோம். மணி நான்கு. சேவைக் கணக்கில் அந்த முகாமுக்கென்று ஒதுக்கியதில் ஒன்பதாயிரம் மீதம். தலைவர் சொன்னார்: "காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறோம், எல்லோருக்கும் பிரியாணி சொல்லிவிடலாமுங்க." யாரும் மறுக்கவில்லை. எனக்கும் பசி. "சொல்லலாமுங்கண்ணா, ஆளுக்கு இருநூற்றைம்பது ரூபாய் என் கையில் வரட்டும்" என்றேன். ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு கொப்பரைக் களத்துக்காரர் சட்டைப் பையில் கைவிட்டார். மற்றவர்களும் கொடுத்தார்கள். தலைவர் மட்டும் இரண்டு வாரம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நோயாளிகளுக்கும் அவர்களோடு துணைக்கு வந்தவர்களுக்கும் போட்ட சாப்பாடு சேவைக் கணக்கில் எழுதப்படும். தொண்டர்கள் சாப்பிட்ட பொட்டலம் நிர்வாகக் கணக்கில் வரும். முகாமுக்கு வந்த மருத்துவர்களுக்குக் கொடுத்த மதிய உணவு? அதைச் சேவையில்தான் எழுதினேன். இதில் இரு கருத்து உண்டு. என் ஆடிட்டர் ஒப்புக்கொண்டார்.

கண் சிகிச்சை முகாமுக்கு உண்மையில் எவ்வளவு ஆகும்?

நாம் நினைப்பதைவிடக் குறைவு, மேடையில் சொல்லப்படுவதைவிட மிகவும் குறைவு. கோவையில் இருக்கும் அரவிந்த், சங்கரா போன்ற கண் மருத்துவமனைகள் மருத்துவர்களையும் கருவிகளையும் தாங்களே கொண்டுவருகின்றன. கண்புரை இருப்பவர்களைப் பஸ்ஸில் அழைத்துப் போய் இலவசமாக அறுவை செய்து திருப்பிக் கொண்டுவந்து விடுகின்றன. 1976இல் தொடங்கிய தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தின் கீழ் அறுவைக்கு அரசு மானியமும் உண்டு. உள்ளூர்ச் சங்கத்தின் வேலை ஆள் திரட்டுவதும் இடம் ஏற்பாடு செய்வதும்தான். துண்டறிக்கை, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ இரண்டு நாள், நாற்காலி, பந்தல், குடிநீர், சாப்பாடு ஆகியவற்றுக்கு எங்களுக்கு இருபத்தைந்தாயிரத்திலிருந்து முப்பத்தைந்தாயிரம் ரூபாய் வரை ஆனது. அதில் மிகவும் பயனுள்ள செலவு ஆட்டோதான். துண்டறிக்கையைப் படிக்க முடிந்தால் அவர் முகாமுக்கு எதற்கு வருகிறார்?

ஆண்டறிக்கையில் இதே முகாம் "ஆறு லட்சம் ரூபாய் மதிப்பிலான சேவை" என்று வந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனை செய்த அறுவைகளுக்கெல்லாம் ஒரு விலை போட்டு நம் பெயரில் கூட்டினால் அந்த எண் வரும். மாவட்ட அளவில் விருது வாங்க இது உதவும். என் கணக்கில் மட்டும் நாம் செலவழித்த ரூபாய்தான் இருக்கும். இரண்டு எண்களும் ஏன் வேறுபடுகின்றன என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மஞ்சள் மண்டியில் ஒருவர் 5,001 ரூபாய் கொடுத்தார், ரசீது வேண்டாம் என்றார். என்ன செய்வது?

ரசீது எழுதுங்கள். அவர் வாங்கிக்கொள்ளாவிட்டாலும் எழுதுங்கள். "ரசீதெல்லாம் எதற்குங்க தம்பி, உங்களை நம்பித்தானே கொடுக்கிறேன்" என்பார்கள். அது நம் ஊர் மரியாதை. அவர் நம்பிக்கை அவருக்கு, ரசீதின் அடிக்கட்டை நமக்கு. கல்யாண வீட்டு மொய் மேசையைப் பாருங்கள். மாமனாக இருந்தாலும் மச்சானாக இருந்தாலும் நோட்டில் பெயர் ஏறாமல் பணம் பைக்குள் போகாது. எழுதுபவர் ஒருவர், எண்ணிப் பையில் போடுபவர் வேறொருவர். நம் பாட்டன் காலத்திலிருந்தே ஆடிட்டர் சொல்லாமல் நடந்துவரும் கட்டுப்பாடு அது. சங்கத்து வசூலுக்கும் இரண்டு பேராகப் போங்கள்.

ரசீதுப் புத்தகங்களுக்கு எண் போட்டு, எந்த எண் யாரிடம் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கிறோம். ஒரு ஆண்டு தணிக்கையின்போது 14ஆம் எண் புத்தகத்தைக் காணவில்லை. மூன்று நாள் தூக்கம் போயிற்று. கடைசியில் ஓர் உறுப்பினரின் ஸ்கூட்டர் பெட்டிக்குள், பழைய துணிக்கும் ஸ்பானருக்கும் அடியில் எண்ணெய்க் கறையோடு கிடைத்தது. ஐம்பது தாளில் மூன்று எழுதப்பட்டிருந்தன. மூன்றுக்கும் உரிய 1,700 ரூபாயை அவர் முன்பே கட்டியிருந்தார், "சில்லறை வரவு" என்ற பெயரில். தப்பு ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று கொடையாளர்களின் பெயரும் எங்கள் பட்டியலில் இல்லாமல் போயிருந்தது. இப்போது மார்ச் 31க்குள் எல்லாப் புத்தகமும், எழுதாத தாளோடு சேர்த்து, பொருளாளர் கைக்குத் திரும்பவேண்டும்.

நன்கொடை கொடுத்தவருக்கு வருமான வரியில் 80ஜி விலக்கு கிடைக்குமா?

சங்கத்தோடு சேர்ந்து நடக்கும் நம் அறக்கட்டளைக்கு அந்த அனுமதி இருக்கிறது, சங்கத்துக்கு இல்லை. ஆகவே விலக்கு வேண்டுபவர் அறக்கட்டளையின் பெயரில் கொடுக்கவேண்டும். வழக்கமாகக் கொடுத்ததில் பாதியை வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு உச்சவரம்பு உண்டு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு கிடையாது. பொருளாகக் கொடுத்தாலும் கிடையாது: காங்கேயம் அரிசி ஆலைக்காரர் பத்து மூட்டை அரிசி அனுப்பினால் நன்றிக் கடிதம்தான் தரமுடியும். புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் இந்தச் சலுகை பொருந்தாது. இதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள். பிறகு தெரிந்தால் நம்மை ஏமாற்றுக்காரர்கள் என்பார்கள்.

ரசீது மட்டும் போதாது. கொடையாளரின் பான் எண்ணோடு பட்டியலை வருமான வரித்துறைக்கு இணையவழி அனுப்பி, அதிலிருந்து வரும் சான்றிதழை அவருக்குக் கொடுக்கவேண்டும். இந்தப் பட்டியலுக்கான 10பிடி படிவத்தை மே 31க்குள் அனுப்பும் வழக்கம் அப்படி வந்ததுதான். தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் என்று ஆகியிருப்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. வாய் மட்டும் 80ஜி என்றே சொல்லும். இன்னும் பத்தாண்டுக்குச் சொல்லும்.

அமெரிக்காவில் இருக்கும் என் மாப்பிள்ளை பணம் அனுப்புகிறேன் என்கிறார். வாங்கலாமா?

அவர் கையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறது என்பதை முதலில் கேளுங்கள். இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, வாங்கலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டவர் என்றால், இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும், அது 2010ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்குத் தனிப் பதிவு அல்லது முன் அனுமதி வேண்டும். புது தில்லியில் உள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். நம்மிடம் இரண்டும் இல்லை. "நம்ம பையன்தானே, யார் கேட்கப் போகிறார்கள்" என்று சொல்லாதீர்கள். நம்ம பையன் என்பது உள்துறை அமைச்சகத்துக்குத் தெரியாது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளிடம் சிஎஸ்ஆர் நிதி (கம்பெனிகள் சமூகப் பணிக்குச் செலவிடும் பணம்) கேட்கலாமே?

கேட்கலாம். கம்பெனிகள் சட்டம், 2013இன்படி ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர மதிப்பு 500 கோடி தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். ஆனால் கூட்டு வியாபாரமாகவோ தனி உரிமையாகவோ நடக்கும் தொழில்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. நாம் தினமும் பார்க்கும் பனியன் தொழில்கள் பலவும் அப்படித்தான். பொருந்துகிற கம்பெனிகளோ நம்மிடம் சிஎஸ்ஆர்-1 பதிவு எண்ணும், மூன்றாண்டு அனுபவமும், தணிக்கை செய்த கணக்கும் கேட்கும். ஒரு முறை இப்படி ஒரு கம்பெனிக்கு விண்ணப்பித்தோம். அவர்கள் கேட்ட தாள்களைச் சேகரிக்க நான்கு மாதம் ஆயிற்று. பணம் வந்தது. வந்த பணத்துக்கு மூன்று மாதத்துக்கொரு முறை அறிக்கை எழுதி ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவருக்கு மறுபடியும் வேலைக்குப் போவது போல ஆகிவிட்டது.

பரிசுக் குலுக்கல் டிக்கெட் அச்சடித்து விற்றால் சுலபமாகப் பணம் வருமே?

வரும், போலீசும் வரும். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியிலிருந்து லாட்டரிக்குத் தடை. பரிசுத் திட்டங்களைத் தடுக்க அதற்கும் முன்பே 1979இல் ஒரு சட்டம் இருக்கிறது. நல்ல காரியத்துக்கு என்றாலும் வேண்டாம்.

இன்னிசை நிகழ்ச்சி நடத்தி, விழா மலருக்கு விளம்பரம் வாங்கிப் பணம் திரட்டலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். கடைசியாக நடத்திய இசை நிகழ்ச்சியின் கணக்கை அப்படியே தருகிறேன். டிக்கெட்டில் 3,10,000 ரூபாய், மலர் விளம்பரத்தில் 1,20,000, ஆக வரவு 4,30,000. மேடையில் அறிவித்தது இந்த எண்ணைத்தான், கைதட்டலும் இதற்குத்தான். இசைக்குழுவுக்கு 1,75,000, மண்டபத்துக்கு 60,000, ஒலி ஒளிக்கு 45,000, சுவரொட்டிக்கும் ஃபிளெக்ஸுக்கும் 28,000, இரவு விருந்துக்கு 72,000, நினைவுப் பரிசுகளுக்கு 14,000. செலவு 3,94,000. மீதி 36,000.

நாற்பத்திரண்டு பேரும் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வீட்டில் படுத்துத் தூங்கியிருந்தால் 42,000 வந்திருக்கும். டிக்கெட் வாங்கிய கடைக்காரர்களோ "சங்கத்துக்கு இந்த வருடம் கொடுத்துவிட்டோமுங்க" என்று அடுத்த ஆறு மாதத்துக்கு நம்மைப் பார்த்தால் கல்லாவை மூடினார்கள். அவர்கள் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்குகூட நோயாளிக்குப் போகவில்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

நட்பு வளர்கிறது, ஊரில் பெயர் பரவுகிறது என்று இதற்கு ஆதரவாகப் பேசுபவர்கள் இருக்கிறார்கள். சரிதான். அப்படியானால் இசை நிகழ்ச்சி என்றே அதை நடத்துங்கள், "ஏழை மாணவர் கல்வி நிதிக்காக" என்று டிக்கெட்டில் போடாதீர்கள்.

சக்கர நாற்காலியை இரவல் கொடுக்கும்போது முன்பணம் வாங்குகிறோமே, அது வருமானமா?

இல்லை, கடன். நம்மிடம் பதினொரு சக்கர நாற்காலியும் ஆறு காற்றுப் படுக்கையும் இருக்கின்றன. வாடகை இல்லை, 1,500 ரூபாய் முன்பணம் மட்டும். திருப்பித் தரவேண்டிய பணம் என்பதால் பேரேட்டில் பொறுப்புகள் பக்கம் நிற்கும். எனக்கு முன்பிருந்தவர் இதை வரவு என்று எழுதி, செலவும் செய்துவிட்டார். ஒரே வாரத்தில் ஐந்து பேர் திருப்பிக் கொண்டுவந்தபோது என் பணத்தை எடுத்துக் கொடுக்கவேண்டியதாயிற்று.

திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் இரண்டு வகை. குணமாகிக் கொண்டுவருகிறவர்கள் முன்பணத்தை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். மற்றவர்கள் வாங்குவதில்லை. ஒரு பையன் சென்னிமலைப் பக்கத்திலிருந்து காற்றுப் படுக்கையைக் கழுவி, வெயிலில் காயவைத்து, மடித்து, பழைய வேட்டியில் சுற்றிக் கொண்டுவந்தான். "பாட்டி போய்ச் சேர்ந்துவிட்டதுங்க. பணம் இங்கேயே இருக்கட்டும்." அந்த 1,500க்கும் ரசீது எழுதினேன், பாட்டியின் பெயரைக் கேட்டு எழுதினேன். அந்த நாளில்தான் அது பொறுப்புகள் பக்கத்திலிருந்து நன்கொடைப் பக்கம் போகும், அதற்கு முன்பு போகாது.

ஒரு காரியத்துக்கென்று வாங்கிய பணம் மீந்தால் வேறு காரியத்துக்குச் செலவிடலாமா?

கொடுத்தவரைக் கேட்காமல் கூடாது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது இரண்டே நாளில் 1,86,000 ரூபாய் சேர்ந்தது. அரிசி, பாய், போர்வை, பிளீச்சிங் பவுடர், சானிட்டரி நாப்கின் வாங்கி, சங்ககிரி உறுப்பினர் ஒருவரின் உறவினர் இலவசமாகக் கொடுத்த லாரியில் வாளையாறு வழியாக அனுப்பினோம். கூடவே வேண்டாம் என்று சொல்லியும் வந்து குவிந்த பழந்துணி மூட்டைகள். அவற்றைப் பிரித்துக் கட்டவே ஒரு பகல் போயிற்று. பாதி யாரும் உடுத்த முடியாதவை. வெள்ளத்தில் எல்லாம் இழந்தவருக்குக் கிழிந்த சேலையைக் கொடுப்பது என்ன தர்மம் என்று அன்று மூட்டை கட்டிய பெண்களே கேட்டார்கள்.

லாரி போன பிறகு 23,400 ரூபாய் மீதம். உள்ளூர் அரசுப் பள்ளியில் கழிப்பறை கட்டப் பணம் தேவைப்பட்ட நேரம். அதற்கு மாற்றிவிடலாம் என்று செயற்குழுவில் பெரும்பான்மை. நல்ல காரியம்தான். ஆனால் கொடுத்தவர் வெள்ளத்துக்குக் கொடுத்தார். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் கொடுத்த அறுபத்தொரு பேருக்கும் நானும் செயலாளரும் தொலைபேசியில் பேசினோம். பலர் "உங்கள் இஷ்டமுங்க" என்றார்கள். ஒரு தறிப்பட்டறைத் தொழிலாளி, எழுநூறு ரூபாய் கொடுத்தவர், "என் தங்கச்சியைப் பாலக்காட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறேனுங்க, அங்கேயே போனால் நன்றாயிருக்கும்" என்றார். மீதம் முழுவதும் கேரள முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் போயிற்று. பள்ளிக் கழிப்பறைக்குத் தனியாக வசூல் செய்தோம், ஒன்பது மாதம் தாமதமாக.

நம் ஆண்டு ஜூலையில் தொடங்குகிறது, வரி ஆண்டு ஏப்ரலில். எதன்படி கணக்கு?

இரண்டின்படியும். பொருளாளர்களின் தலையெழுத்து இது. தலைவரும் நானும் ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை பதவியில் இருப்போம். வருமான வரித்துறைக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. ஆகவே ஒரு தணிக்கை அறிக்கையில் இரண்டு தலைவர்களின் செலவு கலந்திருக்கும், கேள்வி வந்தால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். நான் கண்ட வழி ஒன்றுதான்: ஒவ்வொரு மாதமும் வங்கிக் கணக்கோடு ஒப்பிட்டு, இருப்பு எழுதி, இருவர் கையெழுத்திட்டு மாதத்தை மூடிவிடுவது. பன்னிரண்டு மாதமும் மூடியிருந்தால் எந்த மாதத்திலிருந்து வேண்டுமானாலும் ஆண்டைத் தொடங்கிக்கொள்ளலாம்.

பதவியேற்பு விழாச் செலவு யாருடையது?

பதவியேற்பவர்களுடையது. சிலர் இதற்கே இரண்டு லட்சம் செலவழிப்பார்கள், அது அவர்கள் கைப்பணம், நான் பேசமாட்டேன். பொன்னாடை பற்றி மட்டும் பேசுவேன். ஒரு விழாவில் முப்பத்தெட்டுப் பொன்னாடை போர்த்தினோம். போர்த்தியவர்களுக்கே வேறொருவர் போர்த்தினார். வீட்டுக்குப் போய் யாரும் அதை உடுத்துவதில்லை. மறு ஆண்டு அதே பணத்தில் சென்னிமலைப் போர்வைகள் வாங்கி, விருந்தினர் கையில் ஒரு போர்வையைக் கொடுத்து, விழா முடிந்ததும் அவர் பெயராலேயே முதியோர் இல்லத்துக்கு அனுப்பினோம். ஒரு ஆண்டு நடந்தது. அடுத்த தலைவர் வந்தார், பொன்னாடையும் வந்தது.

எரிவாயு தகன மேடை போல நிரந்தரமாக ஒன்றைக் கட்டலாமே?

கொங்கு ஊர்கள் பலவற்றில் நகராட்சி இடம் கொடுக்க, சேவைச் சங்கத்தினர் தொடங்கிய அறக்கட்டளைகள் தகன மேடைகளை நடத்துகின்றன. மிக நல்ல பணி. ஆனால் கட்டுவதற்குப் பணம் கிடைப்பது போல நடத்துவதற்குக் கிடைப்பதில்லை. கல்வெட்டில் பெயர் வரும் என்றால் லட்சம் கொடுப்பவர், மாதச் சிலிண்டர் செலவுக்கு ஆயிரம் கேட்டால் யோசிப்பார். எரிவாயு, ஊழியர் சம்பளம், புகைபோக்கிப் பராமரிப்பு, அமரர் ஊர்தியின் டீசல் எல்லாவற்றையும் கட்டணத்தில் எடுக்கவேண்டும். கட்டணம் கொடுக்க முடியாதவர்களையும் திருப்பி அனுப்ப முடியாது. ஆகவே முதலில் ஒரு நிரந்தர வைப்பு. பத்து லட்சத்துக்கு 7 சதவீத வட்டி கிடைத்தால் ஆண்டுக்கு 70,000, அதில் எத்தனை இலவசத் தகனம் நடத்தலாம் என்று கணக்கிட்டுவிட்டு அடிக்கல் நாட்டுங்கள்.

குளம், பள்ளிக்கூடம் போன்ற அரசுச் சொத்துகளில் வேலை என்றால் தமிழ்நாடு அரசின் "நமக்கு நாமே" திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக மதிப்பீட்டில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை நாம் கட்டினால் மீதியை அரசு போடும்.  

சாதாரண உறுப்பினர் கணக்கைப் பார்க்கலாமா?

பார்க்கலாம், பாருங்கள். நம் சங்கம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ்ப் பதிவானது. ஆண்டுக்கு ஒரு முறை பொதுக்குழு கூட்டி, தணிக்கை செய்த கணக்கை வைத்து, மாவட்டப் பதிவாளருக்கு அனுப்பவேண்டும். பொதுக்குழுவில் கணக்கு வாசிக்கும் நேரம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முந்தைய பத்து நிமிடம். "ஏற்கிறோம், ஏற்கிறோம்" என்று எல்லோரும் கை தூக்குவது கணக்கைப் பார்த்தா, இலை போடுகிற சத்தம் கேட்டா என்று எனக்குச் சந்தேகம். நான்கு ஆண்டில் என்னிடம் பேரேட்டைக் கேட்டு வாங்கிப் புரட்டியவர் ஒரே ஒருவர், பல் மருத்துவர். இரண்டு கூட்டல் பிழைகள் கண்டுபிடித்தார்.

பணம் கையாடப்பட்டால்?

திருட்டைவிட நம் சங்கங்களில் அதிகம் நடப்பது சோம்பல். காசோலைக்கு இருவர் கையெழுத்து வேண்டும் என்பது விதி. ஒருவர் ஊருக்குப் போகும்போது வெற்றுக் காசோலைகளில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். எங்கள் செயலாளர் ஒருவர் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடைப்பயணம் கிளம்பும்போது பத்துக் காசோலைகளை அப்படிக் கொடுத்தார். நான் அவற்றைக் கிழித்துக் கவரில் போட்டு, அவர் காலில் கொப்புளத்தோடு திரும்பி வந்ததும் கொடுத்தேன். கோபித்துக்கொண்டார். இப்போது இணைய வங்கியில் ஒருவர் பதிந்து இன்னொருவர் ஒப்புதல் கொடுக்கும்படி வைத்திருக்கிறோம். பழனி மலைப் படியில் நின்றுகொண்டும் ஒப்புதல் கொடுக்கலாம்.

கியூஆர் அட்டையை மட்டும் கவனியுங்கள். அவசரத்துக்கு ஓர் உறுப்பினரின் சொந்தக் கணக்கு அட்டையை முகாம் மேசையில் வைக்காதீர்கள். அவர் உத்தமராக இருந்தாலும் அவர் வரிக் கணக்கில் அது அவர் வருமானமாகத் தெரியும்.

என்னைப் பொருளாளராக வரச் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

ஜூன் 30 அன்று மாலை பழைய பொருளாளரோடு உட்காருங்கள். ரொக்கப் பெட்டியைத் திறந்து எண்ணுங்கள், எண்ணியதைத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு கணக்கின் வங்கி அறிக்கை, நிரந்தர வைப்புச் சீட்டுகளின் அசல், முன்பணம் கொடுத்தவர்களின் பட்டியல், ரசீதுப் புத்தகப் பதிவேடு, இன்னும் பணம் தரவேண்டிய கடைகளின் பெயர் ஆகியவற்றைக் கேளுங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் யாரும் தானாகச் சொல்வதில்லை. நான் பதவியேற்ற பன்னிரண்டாம் நாள் பந்தல்காரர் போன ஆண்டுப் பாக்கி 18,000 என்று வந்து நின்றார்.

வங்கியில் கையெழுத்து மாற்ற இரண்டு வாரம் ஆகும். தீர்மான நகலும் எல்லோருடைய ஆதாரும் பானும் கேட்பார்கள். அதுவரை செலவைத் தலைவர் தன் கையிலிருந்து போட்டுப் பிறகு வாங்கிக்கொள்ளட்டும். உங்கள் கையிலிருந்து போடாதீர்கள்.